நீல வரைபடத்துக்குக் காரம் ஆகாது

நேயர்களுக்கு வணக்கம். 2014-இல் மழையில் இடிந்து விழுந்த புதுச்சேரியின் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம், பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுந்து நிற்பதைக் கடற்கரைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். இப்படி ஒரு கட்டடத்தை மீட்கும்போது மூல வரைபடம் கைக்குக் கிடைப்பது பெரும் பேறு. அந்த வரைபடங்கள் இன்றும் எத்தனையோ பரண்களில் சுருண்டு கிடக்கின்றன.

அவற்றைப் பாதுகாக்க, முதலில் வகை பிரிக்க வேண்டும். நீலப் பரப்பில் வெள்ளைக் கோடு என்றால் ப்ளூபிரிண்ட். வெளிறிய பரப்பில் நீலமோ ஊதாவோ கோடு என்றால் பெரும்பாலும் அமோனியா பிரிண்ட். இரண்டையும் ஒரே உறையில் வைக்காதீர்கள். அமோனியா பிரிண்டில் தங்கிய ரசாயனம் பக்கத்துத் தாளையும் கறையாக்கும்.

பழைய காகிதத்தின் அமிலத்தை முறிக்க, காரம் சேர்த்த தாளில் சுற்றுவது காப்பகங்களின் வழக்கம். ப்ளூபிரிண்டுக்கு அதுவே எமன். இரும்பு உப்புகளிலிருந்து உண்டான அந்த நீலம், காரம் பட்டால் சிதைந்து மஞ்சள் பழுப்பாகிவிடும். போன நிறம் திரும்பாது. எனவே அமிலமும் இல்லாத, காரத்துக்காகக் கலக்கும் கால்சியம் கார்பனேட்டும் சேர்க்காத தாள்தான் வேண்டுமென்று கேட்டு வாங்குங்கள். சுண்ணாம்பு அடித்த ஈரச் சுவரில் சாய்த்து வைப்பதும் இதனால்தான் கூடாது. வெயிலில் வெளுத்தது வேறு கதை. அதை இருட்டில், காற்றுப்பட வைத்தால் ஆக்சிஜன் சேர்ந்து நீலம் ஓரளவு மீளும்.

நம் கடலோர ஈரப்பதம்தான் அடுத்த பகை. 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். 50-ஐ ஒட்டி வைத்திருப்பது நல்லது. பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்தும் பழக்கத்தால் தாள் தினமும் சுருங்கி விரிந்து நொய்ந்துபோகிறது. அதைவிட, ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றை விடாமல் ஓடவிடுவதே மேல்.

தட்டையான இரும்பு இழுப்பறைகள் சிறந்தவை. கடைசி இழுப்பறை தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். இடமில்லாமல் சுருட்டித்தான் ஆக வேண்டுமென்றால், விட்டம் நான்கு அங்குலத்துக்குக் குறையாத குழாயின் மேல் சுற்றிப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். ரப்பர் பேண்டும் செல்லோடேப்பும் வேண்டவே வேண்டாம். டேப்பின் பசை தாளுக்குள் இறங்கி, டிரேசிங் பேப்பரில் எண்ணெய்க் கறைபோல் நிலைத்துவிடும்.

2011 டிசம்பரில் தானே புயல் கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். அப்படியொரு புயலில் தண்ணீர் புகுந்துவிட்டால், ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்து இழுக்காதீர்கள். கொடியிலும் போடாதீர்கள், ஈரத்தாள் தன் எடையிலேயே கிழியும். அடியில் பாலியஸ்டர் தாளைச் செருகிக் கட்டோடு தூக்கி, மைஒற்றும் தாளின் மேல் பரப்பி, மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் உலரவிடுங்கள். இரண்டு நாளுக்குள் உலராவிட்டால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும்.

வணக்கம்.