அவார்டு லிஸ்ட் பாத்து நாவல் வாங்கிக் குடுக்காதீங்க!

வணக்கம் மக்களே. இன்னைக்கு செம கடுப்புல வந்திருக்கேன். போன வீடியோவுக்குக் கீழ ஒரு தம்பி, "இதுவரைக்கும் நாவலே படிச்சதில்ல, எதுல ஆரம்பிக்கலாம்?"னு கேட்டிருக்கார். வரிசையா வந்து ‘காவல் கோட்டம்’னு போட்டிருக்கீங்க! ஏங்க, அறுநூறு வருஷ மதுரை, ஆயிரம் பக்கத்துக்கு மேல. 2011 சாகித்ய அகாடமி வாங்குன நாவல்தான், நான் இல்லைங்கல. அதுக்காக நீச்சல் பழக வந்த புள்ளைய அணைக்கட்டுலயா தள்ளுவீங்க?

தம்பி, நீங்க இமையத்தோட ‘எங் கதெ’ எடுங்க. நூத்திச்சொச்சம் பக்கம்தான். கணவனை இழந்த கமலா மேல விநாயகம் வச்ச ஆசை, சந்தேகம், புலம்பல் எல்லாத்தையும் அவனே பேச்சுத் தமிழ்ல கொட்றான். முதல் பத்து பக்கத்த வாய்விட்டுப் படிங்க. அந்தப் பேச்சு காதுல விழுந்தாத்தான் பிடிபடும், அப்புறம் தானா ஓடும். பிடிச்சிருச்சுன்னு கையோட ‘செல்லாத பணம்’ எடுத்துராதீங்க. தீக்காயம், ஜிப்மர் வார்டு, வெளிய காத்துக் கிடக்குற குடும்பம்னு பெரும்பகுதி ஆஸ்பத்திரிதான். நடுவுல வேற ஒண்ணு படிச்சுட்டு வாங்க.

வரலாறுதான் வேணும்னா தமிழ்மகனோட ‘வெட்டுப்புலி’. தீப்பெட்டி மேல சிறுத்தையோட மல்லுக்கட்டுற ஆள் யாருன்னு தேடிப் போற கதை. கூடவே திராவிட இயக்கமும் சினிமாவும் வளந்துட்டு வரும். அரசியல் பேச்சே ஆகாதுங்குற ஆளுக்கு மட்டும் குடுத்துராதீங்க, பாதியிலயே திரும்பி வந்துரும்.

இருட்டான கதை கேக்குறவங்களுக்கு ஜெயமோகனோட ‘ஏழாம் உலகம்’. "அதான் ‘நான் கடவுள்’ பாத்துட்டோமே"ன்னு சொல்லாதீங்க. படத்துல வர்ற அகோரி நாவல்ல கிடையவே கிடையாது. பிச்சைக்காரங்கள வச்சு வியாபாரம் பண்ற பண்டாரம், வீட்டுல பொண்ணுங்கள நெனச்சு உருகுற அப்பன். அங்கதான் வயித்தக் கலக்கும். ஈழம்னா ஷோபாசக்தியோட ‘கொரில்லா’, 2001ல வந்தது, சின்னப் புத்தகம்.

ஆங், விலை! சொல்லாம விட்டுட்டேன். புத்தகக் கண்காட்சியில பத்து சதவீதம் தள்ளுபடி. வீட்டுக்கு வரவழைச்சா? அதே தள்ளுபடி குடுத்தாலும் அறுநூறு ரூவா புத்தகத்துல அறுபது மிச்சம், கூரியர் எழுபதுன்னு வைங்க. தள்ளுபடின்னு பேரு, பத்து ரூவா நம்ம கைக்காசு! அந்தப் பத்து ரூவாதாங்க எனக்கு ஆறவே ஆறாது. மூணு நாலு புத்தகமா சேத்து ஆர்டர் போடுங்க.

குண்டுப் புத்தகம் வந்ததும் நேரா நடுவுல பொளந்துராதீங்க. பசை பைண்டிங், முதுகு வெடிச்சு தாள் கத்தையா கையோட வரும். முதுகு மேசையில படுற மாதிரி நிறுத்துங்க. முன்னட்டையப் படுக்க வைங்க, அப்புறம் பின்னட்டை. முன்னாடி இருபது தாள், பின்னாடி இருபது தாள்னு மாத்தி மாத்தி சாய்ச்சு, ஒட்டுன ஓரத்த விரலால நீவிக்கிட்டே நடுவுக்கு வாங்க. அஞ்சு நிமிஷ வேலை.

இரு, ‘காவல் கோட்டம்’ வாங்கியே தொலைச்சவங்களுக்கு: ராஜாக்கள் பேர ஒரு துண்டுச்சீட்டுல எழுதி உள்ள வச்சுக்கங்க, இல்லைனா நாயக்கர் காலத்துலயே தொலைஞ்சிருவீங்க. தாதனூர்ங்குற ஊர்க்காரங்களோட களவும் காவலும் சூடு பிடிச்சதும் சீட்டு தேவைப்படாது. ‘அரவான்’ படம்கூட இதுல ஒரு பகுதிதான்.

இனிமே கமெண்ட்ல "எது படிக்கலாம்"னு மட்டும் கேக்காதீங்க. கடைசியா பிடிச்ச நாவல் பேரச் சேத்துப் போடுங்க. நாவலே படிச்சதில்லையா, பிடிச்ச படம் எதுன்னு போடுங்க.