தொப்பிக்கு ஒரு பதில்

நடுவர் அவர்களே, மயிலாப்பூர்ப் பெருமக்களே, வணக்கம்.

அஜீத் பஜாஜை உயர்த்தியது துணிச்சலா, பொறுமையா என்பது கேள்வி. பொறுமையே என்று பேச வந்திருக்கிறேன். 2006 ஏப்ரலில் வட துருவத்தையும், ஓராண்டு நிறையும் முன்பே தென் துருவத்தையும் பனிச்சறுக்கில் சென்றடைந்து, இரண்டையும் அவ்வாறு தொட்ட முதல் இந்தியரானவர் அவர். 2012இல் பத்மஸ்ரீ பெற்றவர்.

வட துருவத்தில் நிலம் கிடையாது. ஏறத்தாழ 4,000 மீட்டர் ஆழக் கடலின்மேல் மிதக்கும் பனிக்கட்டிதான் அங்கே தரை, அந்தத் தரை நகர்கிறது. 1827இல் பாரி என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி தம் ஆட்களோடு படகுகளை இழுத்துக்கொண்டு வடக்கே நடந்தார். அவர்கள் வடக்கே நடக்க நடக்கப் பனித்தரை அவர்களைச் சுமந்துகொண்டு தெற்கே போயிற்று. நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன்: காலையில் இந்தக் கபாலீசுவரர் கோயில் வாசலில் புறப்பட்டு, தோளில் வாரிட்டுப் பாரம் இழுத்துத் தாம்பரம் சேர்கிறீர்கள், படுத்துறங்கி விழித்தால் குரோம்பேட்டையில் கிடக்கிறீர்கள். மறுநாள் மீண்டும் தாம்பரம், மீண்டும் உறக்கம், மீண்டும் குரோம்பேட்டை! நடந்த வழியையே மறுபடி நடக்க எந்தத் துணிச்சல் உதவும், நடுவர் அவர்களே? பாரி திரும்பினார். அதே நகரும் தரையில்தான் பஜாஜ் சறுக்கிச் சென்று துருவத்தைத் தொட்டார்.

எதிரணி நண்பர், "மார்கழிப் பனிக்கே மங்கி குல்லா போட்டு வந்திருக்கும் அம்மையார் துருவத்தைப் பற்றிப் பேசுகிறார்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தக் குல்லாவுக்குப் பதில் சொல்லாமல் இறங்கமாட்டேன். துருவப் பயணியின் பெரும்பகை, குளிரைவிட, வியர்வை. வேகமாக நடந்தால் வியர்க்கும். நின்றவுடன் அந்த ஈரமே உறைந்து உடற்சூட்டைக் குடித்துவிடும். அதனால் வியர்க்கும் முன்பே தொப்பியைக் கழற்றி, நிற்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். இதை நாள் முழுதும் சலிக்காமல் செய்ய வேண்டும். நண்பரே, தாங்கள் சிரித்த தொப்பிதான் அங்கே உயிர்.

இந்தக் குல்லா என் தந்தையுடையது. மாநகரப் பேருந்து ஓட்டுநர் அவர். முப்பது ஆண்டுகள் ஒரே தடத்தில் போய் வந்தார். கடைசி வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு, இதை அணிந்து இருட்டில் நடந்து வருவார்.

2018 மே 16 அன்று, திபெத் பக்கமிருந்து எவரெஸ்ட் ஏறிய பஜாஜுடன் அவர் மகள் தியாவும் இருந்தார். மகள் முதலில் உச்சியை அடைந்தார், தந்தை சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தார். அந்த இடைவெளியில், வந்த வழியை அந்தப் பெண் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று எனக்குத் தெரியும் போலிருக்கிறது, நடுவர் அவர்களே. நானும் தெருமுனை விளக்கையே பார்த்தபடி வாசற்படியில் நின்றிருக்கிறேன், இந்தக் குல்லா கண்ணில் படும்வரை.