பதினோரு மாதத் தாளும் கிராஜுவிட்டியும்

(மார்த்தாண்டத்தில் ஒரு தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்டி ஆபீஸிலிருந்து, அதுதான் முந்திரி ஆலையிலிருந்து, நேரே வந்திருக்கிற அம்மாமாருக்கும், ரப்பர் பால்வெட்டு அண்ணன்மாருக்கும், பின்னால் நிற்கிற ஜவுளிக்கடைப் பிள்ளைகளுக்கும் வணக்கம். பிள்ளைகளே, உட்காருங்கள். கடை ஊழியருக்கு இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. கடையில் கிடைக்காவிட்டாலும் இங்கேயாவது உட்காரலாம்.

பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. என்கிற மருத்துவக் காப்பீடு, போனஸ், வேலையை விடும்போது வருகிற கிராஜுவிட்டி எல்லாம் முதலாளி மனமிரங்கித் தருகிற ஓணக்கோடி என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது உங்கள் கூலியில் ஒரு பங்கு, பிறகு தருகிறோம் என்று நிறுத்திவைத்தது. பி.எஃப்.புக்கு நம்மிடம் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், ஆலைக்காரரும் 12 போடுகிறார். "அவர் போட்டது பாஸ்புக்கில் முழுசாகக் காணோமே" என்று ஒரு அக்கா கேட்டார். அதில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது, மிச்சம் 3.67தான் சேமிப்பில் விழும். சரி, பென்ஷன் எவ்வளவு? குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள். பத்து வருஷம் கடந்தும் அது ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆட்டோக்கூலிக்கே அது காணாது.

இப்போது புதுசுக்கு வருவோம். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. பழைய 29 சட்டங்களை அதற்குள் அடக்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் பேச நேரமில்லை, இரண்டை மட்டும் சொல்கிறேன்.

சம்பளம் 20,000 என்று வையுங்கள். அடிப்படை 8,000, பாக்கி 12,000 பல பெயர்களில் அலவன்ஸ். இதுவரை கிராஜுவிட்டியை அந்த எட்டாயிரத்துக்கே கணக்கிட்டார்கள். இனி கணக்கில் சேர்க்காமல் கழித்துவிடக்கூடிய அலவன்ஸ் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. அப்படியானால் கணக்கில் வருவது 10,000. வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி, மாதத்துக்கு 26 நாள் என்று போட்டால், பத்து வருஷத்துக்கு 46,150 ரூபாய் வந்த இடத்தில் 57,690 வரும். பி.எஃப். பிடித்தமும் இதே கணக்கில் ஏறினால் கைச்சம்பளம் கொஞ்சம் குறையும். அதைக் கண்டு பதறவேண்டாம், முதலாளி பங்கும் கூடவே ஏறும்.

இரண்டாவதில்தான் எனக்குக் கவலை. குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுதி வேலைக்கு எடுத்தவர்களுக்கு ஐந்து வருஷம் வேண்டாம், ஒரு வருஷம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு என்கிறது புதுச் சட்டம். நல்ல விஷயம். ஆனால் வீட்டு வாடகைக்குப் பதினோரு மாத அக்ரிமென்ட் எழுதிப் பழகின ஊர் இது. பதினோராம் மாதம் தாளை முடித்து, பத்து நாள் வீட்டில் இருத்தி, புதுத் தாளில் கையெழுத்து வாங்கினால் என்ன ஆகும்? ஒரு வருஷம் முடியவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு தாள் வந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். வேலைக்கு எடுக்கும்போது நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதும் இந்தப் புதுத் தொகுப்புகளிலேயே இருக்கிறது. அதையும் கேட்டு வாங்குங்கள். எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களும் தொழிலாளிதான். "நீ பீஸ் ரேட்டுதானே" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பழைய காலத்தில் பி.எஃப். விவரமெல்லாம் ஆபீஸ் ரெஜிஸ்டரில் இருந்தது, இன்றைக்குப் போனில் இருக்கிறது. இது பெரிய மாற்றம்தான், நமக்குப் பெரிய தொல்லையும்கூட. அண்டித் தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்த விரலை மெஷினில் வைத்தால் அது ஏற்காது. சரி, ஓ.டி.பி. போடலாம் என்றால், ஆதாரில் கொடுத்த நம்பர் மகனுடையது, மகன் துபாயில். அவன் ஷிப்ட் முடிந்து எடுப்பதற்குள் ஓ.டி.பி. காலாவதி. முதல் வேலையாக உங்கள் சொந்த நம்பரை ஆதாரில் சேருங்கள்.

அடுத்து நாமினி. வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் பி.எஃப்.பின் காப்பீட்டிலிருந்து 7 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரையோ அண்ணன் பெயரையோ கொடுத்திருப்பீர்கள். கல்யாணம் ஆனதும் அந்த நாமினி செல்லாது, புதிதாகக் கொடுக்கவேண்டும். இங்கே இருக்கிற எத்தனை பேர் மாற்றியிருக்கிறீர்கள்? கை தூக்கவேண்டாம். கூட்டம் முடிந்ததும் ஆதாரும் போனும் எடுத்துக்கொண்டு அந்த மேசைக்கு வாருங்கள். இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறோம்.