பங்குனி வெயில்ல பாடிட்டு கெளம்புற கதிர்க்குருவிங்க

எல்லாருக்கும் வணக்கம். வசந்தகாலத்து பறவைங்க பத்தி பேசணும்னு வானொலி நிலையத்துல கூப்ட்டாங்க. நம்ம வேலூர் பக்கம் வசந்தமா, பங்குனி பொறந்தாலே வெயில் மண்டைய பொளக்குது, இதுல இன்னா வசந்தம்னு நீங்க சிரிக்கலாம். ஆனா கதிர்க்குருவி, அதான் புழு பூச்சி புடிச்சு தின்ற குட்டிப் பறவை, அத பாக்கறவங்களுக்கு நம்மூர்ல இத விட நல்ல டைம் கெடையாது. சைபீரியாவுல, ஐரோப்பாவுல எல்லாம் இதுங்க வந்து எறங்குனாதான் வசந்தம், நமக்கு அப்படியே உல்ட்டா, ஆகஸ்ட் கடைசி செப்டம்பர்ல வந்து பனிக்காலம் பூரா நம்ம கூட இருந்துட்டு மூட்டை கட்டுற நேரம் இது. கெளம்பறதுக்கு முன்னாடிதான் வாயத் தொறந்து பாடுதுங்க.

எனக்கு ஜோலார்பேட்டைல ரயில்வே வேலை. ஷிப்ட் ஆஃப் கெடச்சா போதும், வாணியம்பாடி, ஆலங்காயம் தாண்டி காவலூர் ரோட்ல வண்டிய விட்டுடுவேன். காவலூர்னா எல்லாருக்கும் வைணு பாப்பு வானாய்வகம்தான் ஞாபகம் வரும், 2.3 மீட்டர் டெலஸ்கோப் வச்சு ராத்திரி நட்சத்திரம் பாக்குறாங்க, அவங்க தூங்கப் போற நேரத்துல நாங்க பைனாகுலரோட எறங்குவோம். ஒண்ணு சொல்லிடறேன், ரிசர்வ் காட்டுக்குள்ள வனத்துறை பர்மிஷன் இல்லாம போவாதீங்க, பங்குனில காட்டுத்தீ பயம் வேற. என்கூட வர்றவர் மலைக்காரர், தேன் எடுக்கறவர், அண்ணான்னுதான் கூப்பிடுவேன், பர்மிஷன் இருந்தாலும் அவர் இல்லாம நான் உள்ள கால் வைக்க மாட்டேன்.

பொழுது விடியசொல்ல மொதல்ல கேக்கறது ஆறுமணிக்குருவி, ரெண்டு தரம் விசில் அடிச்சிட்டு அமைதியாயிடும், அதுவும் வடக்க கெளம்பற ஆளுதான். அப்புறம் காஞ்சு போன ஓடை ஓரமா உண்ணிச்செடி பொதர் இருக்கும் பாருங்க, அங்க நின்னா உள்ள இருந்து "டக்... டக்"னு ஒரு சத்தம் வரும். பிளித் நாணல் கதிர்க்குருவி. பேர்லதான் நாணல், நம்மூர்ல நாணலே இல்லாத பொதர்லயும் தோட்டத்துலயும்தான் இருக்கும். கல்கத்தா ஏஷியாடிக் சொசைட்டி மியூசியத்த பாத்துக்கிட்ட எட்வர்ட் பிளித் 1849ல இதுக்கு அறிவியல் பேர் வச்சாரு. ஆளப் பாத்தா ஒண்ணுமே இருக்காது, மங்கின பழுப்பு, ஒடம்புல ஒரு கோடு இல்ல, ஒரு புள்ளி இல்ல, அதனால கண்ணால தேடுறது வேஸ்ட், காதத்தான் தீட்டிக்கணும். மார்ச் கடைசில அதே பொதருக்குள்ள இருந்து டக் டக் நின்னு போய் பாட்டு வரும், சன்னமா, தனக்குத்தானே பாடிப் பாக்குற மாதிரி, ஒரே அடிய ரெண்டு மூணு தரம் திருப்பித் திருப்பி பாடிட்டு அடுத்ததுக்குப் போவும், நடுவுல வேற பறவைங்க குரலையும் எடுத்து விடும். ஊருக்குப் போனா, அதாவது பின்லாந்து பக்கத்துல இருந்து சைபீரியா வரைக்கும், ராத்திரில உக்காந்து சத்தமா பாடுற ஆளு இது. இங்க நமக்கு கெடைக்கறது ரிகர்சல் மட்டுந்தான், எனக்கென்னமோ அதான் பிடிச்சிருக்கு.

வெயில் ஏறிடுச்சுனா பொதர விட்டு மரத்துக்கு வாங்க. பங்குனில புங்க மரம் தளிர் விட்டு பளபளன்னு நிக்கும், தளிர் இருந்தா புழு இருக்கும், புழு இருந்தா இலைக் கதிர்க்குருவி இருக்கும், இங்கிலீஷ்காரன் க்ரீனிஷ் வார்ப்ளர்னு சொல்றது. எடை பத்து கிராம் கூட வராது. பெரும்பாலும் மரத்து உச்சில இருந்து நம்ம கழுத்த ஒடைக்கும், ஆனா ஒரு தடவ ஓடைக்கரைல தாழ்வான கெளைக்கு எறங்கிடுச்சு, கைக்கெட்ற தூரம். கண்ணுக்கு மேல வெளிர் கோடு, எறக்கைல ஒரே ஒரு மெல்லிசு வெள்ளை வரி, அதுவும் தேஞ்சு போய் உத்துப் பாத்தாதான் தெரியுது. இலைக்கு அடில தலைய திருப்பி பச்சைப் புழு ஒண்ண இழுத்துது, கெளைல ரெண்டு தட்டு தட்டி முழுங்குச்சு, அலக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தொடச்சிட்டு "ச்சிவீ"ன்னு ஒரு கத்து. அந்தக் கத்து சும்மா இல்லங்க, இது என் மரம்னு பக்கத்து மரத்துக்காரனுக்கு சொல்றது. பனிக்காலம் பூரா ஒவ்வொண்ணும் தனக்குனு எடம் பிடிச்சு காவல் காக்கும்.

இந்த குட்டிப் பறவை அறிவியல்ல பெரிய ஆளு. திபெத் பீடபூமிய சுத்தி வளையமா இதோட எனம் பரவி கெடக்குது, ஒரு எடத்துல இருந்து அடுத்த எடம் போகப் போக பாட்டும் நெறமும் கொஞ்சங் கொஞ்சமா மாறிட்டே போவுது, கிழக்கால ஒரு கை, மேற்கால ஒரு கைன்னு சுத்திட்டு போய் சைபீரியாவுல ரெண்டும் சந்திக்கசொல்ல ஒண்ணோட பாட்டு ஒண்ணுக்கு புரிய மாட்டேங்குது, ஜோடியும் சேர்றதில்ல. 2001ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல இந்த ஆராய்ச்சி வந்துது. எறக்கைல ரெண்டு வரி இருக்கறது கிழக்கு ஆளு, நம்ம மலைக்கு வர்றது மேற்கு கை. பள்ளிக்கூட புக்ல பரிணாமம்னா டார்வினோட தீவுதான் வருது, ஆலங்காயம் பக்கத்து புங்க மரத்துல உக்காந்திருக்கறத ஏன் சொல்லித்தர மாட்டேங்கறாங்கன்னு எனக்கு ஒரு ஆதங்கம்.

மத்தியானம் புளி உலுக்குற எடத்துல உக்காந்து சாப்ட்டோம். மரத்து மேல ஆளு ஏறி கெளைய ஆட்டுறாங்க, கீழ பொம்பளைங்க பொறுக்குறாங்க, மேல இருந்த கதிர்க்குருவி அலட்டிக்கவே இல்ல, பக்கத்து இலுப்பைக்கு தாவிட்டு மறுபடி வந்துச்சு. அண்ணா சொன்னாரு, "அந்த டக்டக்கு குருவி மழைக்கு முன்னாடி வரும் சார், புளி சீசன் முடிஞ்சா காணாம போயிடும், நாங்க சின்ன வயசுல இருந்து பாக்குறோம்". நோட்டுப் புத்தகம் எதுவும் இல்லாம சொல்றாரு, புக்ல இருக்கறதும் கிட்டத்தட்ட அதேதான்.

மலைக்குப் போக முடியாதவங்க அமிர்தி பக்கம் ரோட்டோர மரத்துலயே பாக்கலாம், வீட்டாண்ட முருங்கையும் வேம்பும் இருந்தா அங்கயே கூட வரும். ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. பொங்கலுக்கு 2015ல இருந்து பறவை கணக்கெடுப்பு நடக்குது, நெறைய பேர் வர்றாங்க, சித்திரை வெயில்ல யாரும் வர்றதில்ல. ஏப்ரல்ல காலைல பத்து நிமிஷம் நின்னு "டக்", "ச்சிவீ" கேக்குதான்னு பாருங்க, கடைசியா என்னிக்கு கேட்டுச்சுன்னு பாத்த பறவைய பதிஞ்சு வைக்கற ஈபேர்ட் ஆப்ல போடுங்க, கேக்கலைன்னாலும் அன்னிக்கு பாத்த மத்த பறவைங்க லிஸ்ட்ட போடுங்க, இந்த ஏரியாவுல அந்த மாச லிஸ்ட்டு வந்தா ரொம்ப உபயோகம். நன்றி, வணக்கம்.