முதல்ல ராத்திரிய எழுதுங்க

வணக்கம் நேயர்களே. குடும்பத்தோட வெளிநாடு போயி அங்க நாமளே கார் எடுத்து ஓட்டிக்கிட்டு ஊர் சுத்தறது பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க. எல்லா நாட்டுக்கும் பொதுவா பேசினா கேக்கறவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது, அதனால நான் நியூசிலாந்த மட்டும் எடுத்துக்கறேன், அதுலயும் தெற்குத் தீவு மட்டும். ஏன்னா அங்கயும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும், ஸ்டியரிங் வலது பக்கம், போர்டெல்லாம் இங்கிலீஷ்ல, அதனால முதல் தடவை வெளிநாட்டுல ஓட்டறவங்களுக்கு பாதி பயம் அங்கயே போயிடும்.

எங்க சொந்தத்துல யாராவது இந்த மாதிரி கிளம்பினா பிளானை எனக்கு வாட்ஸப்ல அனுப்பி சரியா இருக்கான்னு பாருன்னு சொல்லுவாங்க. எல்லா பிளானும் ஒரே மாதிரிதான் வரும். நாள் 1 இந்த ஏரி, நாள் 2 அந்த மலை, நாள் 3 படகு, இப்படி பாக்கற இடமா வரிசையா இருக்கும், எங்க படுக்கறாங்கன்னு மட்டும் இருக்காது. கேட்டா "அது போற வழியில எங்கயாவது பாத்துக்கலாம்"னு பதில் வரும். ரெண்டு பேர் மட்டும் போனா அது ஓகே. மாமியாருக்கு முட்டி வலி, சின்னவனுக்கு 4 வயசு, பெரியவளுக்கு கார்ல உக்காந்தா வாந்தின்னு ஒரு குடும்பம் கிளம்பும்போது அது நடக்காது. நான் சொல்றது இதுதான், பேப்பர எடுத்து முதல்ல ராத்திரிய எழுதுங்க. எந்த ஊர்ல எத்தனை ராத்திரி தூங்கறோம்னு முடிவு பண்ணிட்டா பகல் தானா வந்து அதுக்குள்ள உக்காந்துக்கும்.

உதாரணத்துக்கு 10 ராத்திரி இருக்குன்னு வச்சுக்குவோம். சிங்கப்பூர் வழியா கிறைஸ்ட்சர்ச்ல போய் இறங்கறீங்க. சிங்கப்பூர்லேருந்தே 10 மணி நேரம் கிட்ட ஃப்ளைட், அதுக்கு முன்னாடி நம்ம ஊர்லேருந்து சிங்கப்பூர் ஒரு ராத்திரி, நியூசிலாந்து நேரம் நமக்கு ஆறரை மணி நேரம் முன்னாடி ஓடுது, அவங்க கோடையில ஏழரை. இறங்கின அன்னிக்கே வண்டிய எடுத்து 3 மணி நேரம் ஓட்டறேன்னு யாராவது சொன்னா சாவிய புடுங்கி வச்சுக்கங்க. தூக்கம் கெட்ட டிரைவர், புது வண்டி, புது ரோடு, மூணும் ஒரே நாள்ல வேண்டாம். அதனால முதல் ராத்திரி கிறைஸ்ட்சர்ச். அடுத்து டெகாபோல 2, வனாகால 2, டெ அனாவ்ல 2, குவீன்ஸ்டவுன்ல 3, அங்கயே ஏர்போர்ட் இருக்கு, ஆக்லாந்து வழியாவோ ஆஸ்திரேலியா வழியாவோ வீட்டுக்கு. ஒரு ஊர்ல எடுத்து வேற ஊர்ல விட்டா கார் கம்பெனி கொஞ்சம் எக்ஸ்ட்ரா கேக்கலாம், ஆனா திரும்ப கிறைஸ்ட்சர்ச் வரைக்கும் ஓட்டிட்டு வர்ற பெட்ரோலையும் ஒரு நாளையும் கணக்கு பண்ணி பாருங்க, கொடுத்துட்டு போயிடலாம்னு தோணும்.

இந்த வரிசையில ஊர் மாறுற எந்த நாளும் 3 மணி நேரத்துக்கு மேல பெருசா ஓட்ட வேண்டியதில்ல. கிறைஸ்ட்சர்ச்லேருந்து டெகாபோ 225 கிலோமீட்டர் இருக்கும், டெகாபோ டு வனாகா 200, வனாகா டு டெ அனாவ் 230 சுமார். நம்மாளுங்க கேப்பாங்க, 200 கிலோமீட்டரா, அது டிபன் சாப்டுட்டு கிளம்பினா காபிக்கு முன்னாடி போயிடலாமேன்னு. அங்க நாலு வழிச் சாலையெல்லாம் பெரிய ஊருங்கள சுத்திதான், மத்ததெல்லாம் போக ஒரு லைன் வர ஒரு லைன், வேக வரம்பு அதிகபட்சம் 100, ஆனா மலை வளைவுல 100 யாரால போக முடியும். மேப் 3 மணி நேரம்னு காட்டினா குடும்பத்துக்கு நாலரைன்னு வச்சுக்கங்க. ஏரியைக் கண்டா நிறுத்தணும், செம்மறி ஆட்டைக் கண்டா நிறுத்தணும், பாத்ரூமுக்கு நிறுத்தணும்.

வனாகாலேருந்து டெ அனாவ் போற அன்னிக்கு குவீன்ஸ்டவுன் பக்கமாத்தான் தாண்டிப் போவீங்க, இறங்கிடலாமான்னு மனசு அடிச்சுக்கும். இறங்காதீங்க, கடைசி 3 ராத்திரி அங்கதான்.

இப்ப டெ அனாவ் எதுக்கு 2 ராத்திரின்னு சொல்றேன். மில்ஃபோர்ட் சவுண்ட் கேள்விப்பட்டிருப்பீங்க, செங்குத்தான மலைக்கு நடுவுல கடல் உள்ள வந்து நிக்கும், படகுல போய் பாக்கறது. எல்லாரும் குவீன்ஸ்டவுன்லேருந்து ஒரே நாள்ல போயிட்டு வர பிளான் போடறாங்க. அது ஒரு பக்கம் 290 கிலோமீட்டர் கிட்ட, 4 மணி நேரம், திரும்ப 4 மணி நேரம், நடுவுல ரெண்டு மணி நேரம் படகு. டூர் பஸ்ல போனா நாம தூங்கலாம், சொந்தமா ஓட்டறவர் என்ன பண்ணுவார். டெ அனாவ்ல தங்கினா அங்கேருந்து மில்ஃபோர்ட் 120 கிலோமீட்டர்தான். அந்த 120ம் சாதாரண ரோடு இல்ல. வழியில ஹோமர் டனல்னு மலையைக் குடைஞ்ச சுரங்கம், 1.2 கிலோமீட்டர் நீளம், 1954ல திறந்தது, உள்ள சரிவா இறங்கும், கூட்டமான சீசன்ல பகல்ல சிக்னல் போட்டு ஒரு பக்கமா மாத்தி மாத்தி விடுவாங்க. சிக்னல்ல நிக்கும்போது கியான்னு பச்சைக் கலர்ல ஒரு மலைக்கிளி வந்து பானெட்ல உக்காரும், பசங்க குஷியாயிடுவாங்க, அது பாட்டுக்கு வைப்பர் ரப்பரையும் ஜன்னல் ரப்பரையும் அலகால உரிச்சு இழுக்க ஆரம்பிக்கும். ஒண்ணும் தீனி போடக் கூடாது, கண்ணாடிய ஏத்தி வச்சுக்கங்க. டெ அனாவ் தாண்டினா பெரும்பாலும் போன் சிக்னல் இருக்காது, அதனால மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சுக்கணும், பெட்ரோலும் டெ அனாவ்லயே ஃபுல் பண்ணிடணும்.

மழை பெஞ்சா கேன்சல் பண்ணலாமான்னு கேப்பாங்க. மில்ஃபோர்ட்ல வருஷத்துக்கு 6000 மில்லிமீட்டருக்கு மேல மழை, சென்னைக்கு சுமார் 1400னு நினைச்சுக்கங்க, மழை இல்லாத நாளுக்கு காத்துட்டு இருந்தா விசா முடிஞ்சிடும். மழை பெஞ்சாத்தான் அந்த பாறை முழுக்க அருவி அருவியா இறங்கும், நனைஞ்சுட்டே பாக்கறதுதான் அழகு, ஜாக்கெட் மட்டும் நல்லதா வாங்குங்க.

அப்புறம் மேற்குக் கரையோரம் இருக்கற ஃப்ரான்ஸ் ஜோசஃப் பனிப்பாறையை ஏன் விட்டுட்டேன்னு சிலர் கோவிச்சுப்பாங்க. பனி ரொம்ப பின்வாங்கிப் போச்சு, 2012லேருந்து கீழேருந்து நடந்து பனி மேல ஏற முடியாது, ஹெலிகாப்டர்லதான் போகணும், அந்தப் பக்கம் மேகம் வந்தா ஹெலிகாப்டர் எழும்பாது. 10 ராத்திரிக்குள்ள அதை நுழைச்சா வேற ரெண்டு ஊர்ல தூங்கற நேரம் போச்சு. 14, 15 ராத்திரி இருக்கறவங்க தாராளமா போங்க.

தங்கற இடத்துக்கு வருவோம். உள்ளயே படுக்கையும் கிச்சனும் வச்ச கேம்பர்வேன்தான் வேணும்னு பசங்க அடம் பிடிப்பாங்க, ஃபோட்டோல அழகா இருக்கும். அதுல டாய்லெட் டேங்க்க யார் கொண்டு போய் கொட்டறதுன்னு வீட்ல முன்னாடியே பேசி முடிவு பண்ணிக்கங்க. ரோட்டோரம் எங்க வேணா நிறுத்தி தூங்கலாம்னு நினைக்காதீங்க, டாய்லெட் வசதியோட சர்டிஃபிகேட் வாங்கின வண்டிக்குத்தான் பல இடத்துல அனுமதி, மீறினா 400 டாலர் வரைக்கும்கூட அபராதம் வரும். டீசல் வண்டின்னா கிலோமீட்டர் கணக்குல ரோடு வரி தனியா வரும், வாடகைய ஒப்பிடும்போது அதையும் சேத்துக்கங்க. பெரியவங்க கூட வர்ற குடும்பத்துக்கு என் ஓட்டு மோட்டலுக்குத்தான், இல்லைன்னா ஹாலிடே பார்க்ல, அதாவது வேன் நிறுத்தற இடமும் கேபினும் ரூமும் சேந்து இருக்கற வளாகத்துல, கிச்சன் வச்ச யூனிட். ஸ்டுடியோன்னா ஒரே ரூம், ஒன் பெட்ரூம் யூனிட்னா ஹால்லயும் படுக்கை போட்டிருப்பாங்க, 6 பேருக்கு டூ பெட்ரூம் யூனிட்தான் சரி. ஹாலிடே பார்க்ல விலை கம்மியா ஒரு கேபின் தெரிஞ்சா நல்லா படிச்சுப் பாருங்க, டாய்லெட் வெளியில பொதுவா இருக்கலாம், போர்வை பெட்ஷீட்டுக்கு தனியா காசு கேக்கலாம், ராத்திரி 3 மணிக்கு அந்தக் குளிர்ல மாமியாரை கூட்டிட்டு போறது யாருன்னு யோசிச்சுட்டு புக் பண்ணுங்க.

கிச்சன் ஏன் முக்கியம்னா, காசு ஒரு காரணம், ஹோட்டல்ல 6 பேர் சாப்பிட்டா பில்லைப் பாத்து பசி போயிடும். இன்னொண்ணு, சின்ன ஊர்ல ஓட்டல் கிச்சன் சீக்கிரம் மூடிடும், 9 மணிக்கு மேல சோறு கிடைக்காது. கிறைஸ்ட்சர்ச்லயே இந்திய மளிகைக் கடையில அரிசி பருப்பு புளி வாங்கிடுங்க, பாலும் தயிரும் காயும் எல்லா ஊர் சூப்பர் மார்க்கெட்லயும் நல்லா கிடைக்கும். யூனிட்ல அடுப்பு, பாத்திரம், தட்டு, ஃப்ரிட்ஜ் இருக்கும், குக்கர் மட்டும் இருக்காது. ஒரே எச்சரிக்கை, தாளிக்கறது. சீலிங்ல ஸ்மோக் அலாரம் இருக்கும், காஞ்ச எண்ணெயில மிளகாயைப் போட்டதும் அலறும், சில இடத்துல அது நேரா தீயணைப்பு நிலையத்தோட கனெக்ட் ஆகியிருக்கும், வண்டி வந்துட்டா அந்தச் செலவு நம்ம தலையில விழும். எக்ஸாஸ்ட்ட போட்டு, கதவைத் திறந்து வச்சு, சின்னத் தீயில தாளிங்க.

இன்னொரு விஷயம் செக் அவுட். அங்க நிறைய இடத்துல காலைல 10 மணிக்கே சாவிய கொடுத்துடணும். 6 பேர் ஒரு பாத்ரூம்ல குளிச்சு, இட்லியோ தோசையோ சாப்டு, பெட்டி கட்டி 10 மணிக்குள்ள வெளியில வர்றது தினமும் நடக்கற காரியமா சொல்லுங்க. ஊர் மாறுற நாள் ஒவ்வொண்ணுலயும் அரை நாள் இதுலயே போயிடும், நான் ரெண்டு ரெண்டு ராத்திரியா போடச் சொல்றது இதுக்காகவும்தான். லேட்டா போய் சேருவோம்னு தோணினா முதல்லயே ஃபோன் பண்ணி சொல்லுங்க, ரிசப்ஷன் சாயங்காலமே மூடிடும், சாவிய கவர்ல போட்டோ நம்பர் பூட்டு பெட்டியில வச்சோ போயிடுவாங்க.

நம்ம பள்ளிக்கூட லீவு ஏப்ரல், மே. அது அங்க இலையுதிர் காலம், வனாகா பக்கம் மரமெல்லாம் மஞ்சளா சிவப்பா எரியும், கூட்டமும் டிசம்பர் ஜனவரி அளவு இருக்காது. ஆனா பகல் சுருங்கிடும். மே மாசம் நடுவுல குவீன்ஸ்டவுன்ல விடியவே 8 மணி ஆகும், சாயங்காலம் 5 மணி தாண்டினதும் இருட்டு. இருட்டுல மலை ரோடு ஓட்டக் கூடாதுன்னு வச்சுக்கிட்டா உங்களுக்கு கிடைக்கறது 9 மணி நேரம், அதுக்குள்ளதான் எல்லாம். ஈஸ்டரும் பெரும்பாலும் இந்த நேரத்துல வரும், குட் ஃப்ரைடே அன்னிக்கு பெரும்பாலான கடை சட்டப்படியே மூடியிருக்கும், ஏப்ரல் 25 ஆன்சாக் தினம், போர்ல இறந்தவங்கள நினைக்கற நாள், அன்னிக்கு மதியம் 1 மணி வரைக்கும் பெரும்பாலான கடை திறக்காது. முந்தின நாளே பாலும் பிரெட்டும் வாங்கி வச்சுக்கங்க.

கார் பத்தி வேகமா சொல்லிடறேன். 7 சீட்டர்ல 7 பேர் உக்காந்தா டிக்கில பெட்டி வைக்க இடமே இருக்காது, 5 பேர்னா ஓகே, 6 பேர்னா மெத்துன்னு இருக்கற பையா கொண்டு போங்க, அமுக்கி வைக்கலாம். 7 வயசுக்குள்ள இருக்கற பசங்களுக்கு சைல்ட் சீட் சட்டப்படி கட்டாயம், மடியில உக்கார வச்சுக்கலாம்ங்கற பேச்சே கிடையாது, கார் புக் பண்ணும்போதே சேத்து கேளுங்க. லைசென்ஸ் இங்கிலீஷ்ல இருந்தா ஓட்டலாம், இருந்தாலும் ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்து வச்சுக்கறது நல்லது, கவுன்டர்ல பேச்சு மிச்சம். அப்புறம் ஒத்தைப் பாலம். நிறைய பாலத்துல ஒரு வண்டிதான் போக முடியும். சிவப்பு வட்டம் போட்ட போர்டு இருந்தா எதிர்ல வர்றவருக்குத்தான் முதல் உரிமை, நாம நிக்கணும். நீல போர்டுல பெரிய வெள்ளை அம்புக்குறி இருந்தா நமக்கு முதல் உரிமை, அப்பவும் எதிர்ல ஒருத்தர் ஏற்கனவே ஏறிட்டாரான்னு பாத்துட்டுதான். பின்னாடி நாலு வண்டி சேந்துட்டா ஓரமா இடம் வந்ததும் ஒதுங்கி விட்டுடுங்க, ஹாரன் அடிக்க மாட்டாங்க, ஆனா மனசுக்குள்ள திட்டுவாங்க.

புக்கிங் வரிசை முக்கியம். நமக்கு விசா வேணும், விசா வர்றதுக்கு முன்னாடி திரும்பக் கிடைக்காத காசு எதுலயும் போடாதீங்க. ஃப்ரீ கேன்சலேஷன் இருக்கற ரூமா பாத்து பிடிங்க, டெகாபோவும் டெ அனாவும் சின்ன ஊர், அங்க நல்ல ஃபேமிலி யூனிட் முதல்ல தீந்துடும், அத முதல்ல பிடிச்சுட்டு குவீன்ஸ்டவுன பொறுமையா பாருங்க. அதுக்கப்புறம் கார். படகு டிக்கெட் கடைசியா.

பெட்டி கட்டும்போது பாட்டிங்ககிட்ட சொல்லிடுங்க, கறிவேப்பிலை, மாவடு, பால்கோவா எதுவும் ஒளிச்சு வைக்கக் கூடாது. சாப்பாட்டுப் பொருள் எதுவா இருந்தாலும் இருக்குன்னு டிக்ளேர் பண்ணணும், பண்ணா அதிகபட்சம் எடுத்துக் குப்பையில போடுவாங்க, பண்ணாம மாட்டினா அங்கயே 400 நியூசிலாந்து டாலர் ஃபைன். மண் ஒட்டின ஷூவையும் கழுவிக் கொண்டு போங்க, அதையும் பாப்பாங்க.

மே மாசத்துலேருந்து மில்ஃபோர்ட் ரோட்டுல பனி விழலாம், பனிச்சரிவு அபாயம்னா மூடியும் வைப்பாங்க, டயருக்குப் போடற செயின் கொண்டு வரணும்னும் சொல்லுவாங்க. அதனால கிளம்பற அன்னிக்கு காலைல எழுந்ததும் ரோடு திறந்திருக்கான்னு அவங்க போக்குவரத்துத் துறை வெப்சைட்ல ஒரு தடவை பாத்துடுங்க. படகு டிக்கெட்டை தேதி மாத்திக்கற மாதிரி எடுத்து, டெ அனாவ்ல ஒரு ராத்திரி கூட்டிக்க முடியுமான்னு மோட்டல்ல முன்கூட்டியே கேட்டு வச்சிருந்தீங்கன்னா, அன்னிக்கு ரோடு மூடியிருந்தாலும் பசங்களோட ஏரிக்கரையில நடந்துட்டு, ரூமுக்கு வந்து ரசம் வச்சு சாப்டு படுத்துட்டு மறுநாள் போய்க்கலாம், குவீன்ஸ்டவுன்ல ஒரு ராத்திரி குறையும், அவ்வளவுதான். நன்றி, வணக்கம்.