கடலின் நுண்பச்சை: எண்ணுவதும் இனம் பிரிப்பதும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வெப்பமண்டலக் கடலில், கரையை விட்டு வெகுதூரம் போனால், தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்து கருநீலமாகக் கிடக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவு. அங்கே ஒரு மில்லிலிட்டர் அள்ளினால், அதில் ஒரு லட்சம் புரோகுளோரோகாக்கஸ் செல்கள் வரை இருக்கலாம். ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீட்டருக்குச் சற்றே பெரியது. சற்றுப் பெரிய உறவினரான சினெகோகாக்கஸையும் சேர்த்தால், உலகக் கடல்களின் மொத்த ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ கால் பங்கு இவற்றுடையது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இரண்டும் சயனோபாக்டீரியா. நாம் நீலப்பச்சைப் பாசி என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவை.

சினெகோகாக்கஸ் கடலில் இவ்வளவு ஏராளமாக இருப்பது தெரிந்ததே 1979இல்தான். நீல ஒளி பாய்ச்சிய நுண்ணோக்கியில் அவை ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்ததால் அகப்பட்டன. புரோகுளோரோகாக்கஸோ மங்கலான சிவப்பாக மட்டுமே ஒளிரும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துவிடும். செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியைக் கப்பலில் ஏற்றிய பிறகுதான் அது பிடிபட்டது. சாலி சிஸ்ஹோம், ராபர்ட் ஓல்சன் குழுவினர் 1988இல் அதை அறிவித்தார்கள்.

இவ்வளவு சிறியதாக இருப்பதால் என்ன லாபம்? செல் சிறுக்கச் சிறுக்க, அதன் பருமனோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு கூடுகிறது. தண்ணீரில் அரிதாக இருக்கும் சத்து, பெரிய செல்லைவிடச் சிறிய செல்லுக்கு எளிதில் எட்டுகிறது. செலவிலும் சிக்கனம் உண்டு. புரோகுளோரோகாக்கஸின் சவ்வில் பாஸ்பரஸ் உள்ள கொழுப்புக்குப் பதிலாகப் பெரும்பாலும் கந்தகம் உள்ள கொழுப்புதான். மேல்நீர் வகை ஒன்றில் மரபணுக்கள் சுமார் 1,700 மட்டுமே.

ஆனால் இவற்றை ஒரே உயிராக எண்ணிவிடக் கூடாது. நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். வெயில் கொட்டும் மேல்நீரில் ஒரு வகை. மேற்பரப்பு ஒளியில் ஒரு சதவீதம்கூட எட்டாத ஆழத்தில் இன்னொரு வகை. பாக்டீரியாவை இனம் பிரிக்க வழக்கமாகப் பார்க்கும் 16எஸ் என்ற மரபணுவில் இவற்றுக்கிடையே 3 சதவீத வேறுபாடுகூட இல்லை. வாழ்க்கையோ முற்றிலும் வேறு. பெர்முடா அருகே எடுத்த நீரில் செல் செல்லாக மரபணுத் தொகுதியைப் படித்தபோது, நூற்றுக்கணக்கான உட்பிரிவுகள் ஒன்றாக வாழ்வது 2014இல் தெரிந்தது. ஆகவே 'மில்லிலிட்டருக்கு இத்தனை' என்ற ஒற்றை எண் பாதிக் கதைதான்.

சினெகோகாக்கஸ் நிறத்தால் பிரிகிறது. தெளிந்த நடுக்கடலில் நீல ஒளியைப் பிடிக்கும் நிறமி மிகுந்தவை. கரையோரப் பச்சை நீரில் பச்சை ஒளியைப் பிடிப்பவை. கலங்கிய கழிமுகங்களிலும் ஏரிகளிலும் சிவப்பொளியைப் பிடிக்கும் ஃபைக்கோசயனின் என்ற நிறமி மிகுந்த வகை. சில இனங்கள் வந்து விழும் ஒளிக்கேற்ப நிறமி விகிதத்தையே மாற்றிக்கொள்ளும்.

இனி எண்ணும் முறை. முதலில் சினெகோகாக்கஸ். கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். 10 மில்லிலிட்டர் நீருக்கு, செல்களைச் சிதையாமல் நிலைநிறுத்தும் குளுட்டரால்டிஹைடின் 25 சதவீதக் கரைசல் 0.4 மில்லிலிட்டர் சேருங்கள். கையுறை போட்டு, ஆய்வகத்தில் நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குள் செய்யுங்கள். பத்து நிமிடம் இருட்டில் வைத்துவிட்டு, 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள கறுப்பு பாலிகார்பனேட் வடிதாளில் வடியுங்கள். உறிஞ்சும் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் செல் நசுங்கும். நிறைய பேர் 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளையோ, சாதாரண கண்ணாடி இழை வடிதாளையோ எடுத்துவிடுகிறார்கள். மிகச் சிறியவற்றில் ஒரு பகுதி அவற்றின் வழியே நழுவிப் போய்விடும். அப்புறம் 'இங்கே குறைவு' என்று முடிவு எழுதுவார்கள்.

வடிதாளை நீல ஒளி பாய்ச்சிய நுண்ணோக்கியில் வைத்து, ஒளிரும் செல்களை எண்ணுங்கள். கணக்கு இப்படி. நீர் வடிந்த பரப்பு 200 சதுர மில்லிமீட்டர், நுண்ணோக்கிக் கட்டம் 0.01 சதுர மில்லிமீட்டர், கட்டத்துக்குச் சராசரி 20 செல் என்று வைத்துக்கொள்வோம். பரப்பில் 20,000 கட்டங்கள். மொத்தம் 4 லட்சம் செல். வடித்தது 10 மில்லிலிட்டர், ஆக மில்லிலிட்டருக்கு 40,000. பல கட்டங்களை எண்ணிச் சராசரி எடுங்கள். ஒன்றிரண்டு கட்டம் போதாது.

நீல ஒளியில் மட்டும் பார்த்தால் ஆரஞ்சு வகைதான் பளிச்சென்று தெரியும். ஏரி நீரிலும் கழிமுக நீரிலும் பச்சை ஒளி வடிகட்டிக்கு மாற்றி, சிவப்பாக ஒளிர்பவற்றையும் எண்ணுங்கள். இதைச் செய்யாததால்தான் பல ஏரிகளின் கணக்கு பாதியில் நிற்கிறது.

புரோகுளோரோகாக்கஸுக்கு ஃப்ளோ சைட்டோமீட்டர் வேண்டும். அதற்கு குளுட்டரால்டிஹைடு இதில் கால் பங்கு போதும். பிறகு திரவ நைட்ரஜனில் சட்டென்று உறைய வைத்து மைனஸ் 80 டிகிரியில் காக்க வேண்டும். சாதாரண ஃப்ரீசரில் மெல்ல உறைந்தால் பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும். இன்னொரு சிக்கல், மேற்பரப்புச் செல்களில் நிறமி குறைவு. அவற்றின் ஒளிர்வு கருவியின் இரைச்சலோடு கலந்து போகலாம். கருவியில் மாதிரியைச் சூழ்ந்து ஓடும் நீரை 0.2 மைக்ரோமீட்டரில் வடித்தே பயன்படுத்துங்கள்.

மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம். புரோகுளோரோகாக்கஸ் செல்கள் மாலையும் இரவுமாக இரண்டாகப் பிரிந்து பெருகும். நுண்ணிய கசையிழை உயிரிகள் அதைத் தின்றுகொண்டே இருக்கும், வைரஸ்களும் கொல்லும். காலை எண்ணிக்கையை இரவு எண்ணிக்கையோடு ஒப்பிட்டுவிட்டு, இடத்தால் வந்த வேறுபாடு என்று சொல்ல முடியாது.

வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. புரோகுளோரோகாக்கஸிடம், செல்லுக்கு நஞ்சான ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி இல்லை. கூட வாழும் ஆல்டிரோமோனாஸ் போன்ற பாக்டீரியாதான் அந்த வேலையைச் செய்கிறது. கூட்டாளி இல்லாத தூய வளர்ப்பை மிக மெல்லியதாக நீர்த்தால் அது வளராமல் செத்துவிடும். பத்தில் ஒரு பங்கு பழைய வளர்ப்பை எடுத்துப் புதிய வளர்ப்புக் கரைசலில் விடுங்கள். செம்பின் சுவடுகூட அதற்கு ஆகாது. பாத்திரத்தை அமிலத்தில் கழுவி, தூய நீரில் பலமுறை அலசியே பயன்படுத்துங்கள்.

நன்றி. வணக்கம்.