உங்கள் பாதத்தை ஆட்டிவைக்கும் கயிறுகள்!

(திரையில்: தரையில் ஊன்றிய வெறுங்கால்)

வணக்கம் மக்களே! உட்கார்ந்த இடத்திலேயே ஒன்று செய்து பாருங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தின் முன்பக்கத்தை மட்டும் தூக்குங்கள். அப்படியே முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பை ஒட்டி வெளிப்பக்கமாகக் கையை வையுங்கள். இறுகுகிறதா? அசைந்தது பாதம். இழுத்தது மேலே இருக்கிற அந்தத் தசை.

  விரல்களையும் உள்ளங்கால் வளைவையும் கவனிக்கச் சின்னத் தசைகள் பாதத்துக்குள் உண்டு. ஆனால் கணுக்காலை அசைக்கிற தசைகள் முழுக்க மேலேதான். கீழே இறங்குவது தசைநாண் என்ற கயிறு மட்டும். பொம்மலாட்டமேதான்! நல்ல ஏற்பாடு இது. காலின் நுனி கனத்தால், எட்டுக்கு எட்டு அதை வீசி நடக்கவே சக்தி போய்விடும்.

கணுக்காலின் நடுவில் டேலஸ் என்றொரு எலும்பு. உடல் எடை அது வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. ஆனால் அதில் ஒரு தசைகூட ஒட்டியிருக்காது. அதன் மேல் மூட்டில் பாதம் மேலும் கீழும் அசையும், கீழ் மூட்டில் உள்ளும் புறமும் சாயும்.

(திரையில்: உள்ளங்கால், அடியிலிருந்து)

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கயிறு. பெரோனியஸ் லாங்கஸ் என்ற தசையும் அதன் தசைநாணும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் பிறக்கிறது. கணுக்காலின் வெளி மொட்டுக்குப் பின்னால் கிணற்று ராட்டினத்தில் கயிறு திரும்புவது போலத் திரும்பி, உள்ளங்காலுக்கு அடியில் நுழைந்து, குறுக்கே போய்ப் பெருவிரல் எலும்பின் அடியில் முடிகிறது. வெளியே தொடங்கி உள்ளே முடிகிற பயணம்! நீங்கள் முதலில் தொட்டீர்களே, அந்த முன்தசையின் கயிறும் உள்பக்கமாக இறங்கி ஏறக்குறைய அதே இடத்தில்தான் ஒட்டுகிறது. உத்தரத்தில் கட்டிய தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேலை மேலே போகும், நடுவில் குழந்தை. இங்கே அந்தக் குழந்தை உங்கள் உள்ளங்கால் வளைவு.

கெண்டைக்காலின் சோலியஸ் தசை, இறுகும்போதெல்லாம் ரத்தத்தை இதயம் நோக்கி மேலே தள்ளுகிறது. நீண்ட பஸ் பயணத்தில் அது இறுகும்படி குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருங்கள்.

அப்புறம், பாதத்தை வெளிப்பக்கம் சாய்த்து, வெளி மொட்டுக்குப் பின்னால் விரலை வையுங்கள். பெரோனியஸ் கயிறு தட்டுப்படுகிறதா? கமெண்டில் சொல்லுங்கள்.